கிருமியை உடல் அறியும் வகை: மதனப்பள்ளி தந்த பாடம்

திருப்பதி என்றவுடன் நம் நெஞ்சில் எழுவது வேங்கடமலை. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுள், விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அம்மலைக்கு ஒருமுறை சென்று வாராத குடும்பம் அரிது. சித்தூரோ வேலூருக்கு அண்மையில் உள்ள ஊர். 1911 வரை வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராக அது விளங்கிற்று. அவ்வாண்டில் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. திருப்பதியும் மதனப்பள்ளியும் அதனுள் அடங்கின. 1953இல் ஆந்திர மாநிலம் தோன்றியபோது மாவட்டம் அதனோடு சேர்ந்தது. ஆயினும் அங்குள்ள கடைவீதிகளில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிப்பது நின்றுவிடவில்லை.

அம்மாவட்டத்தின் கோயில்களைப் பற்றிக் கேட்டும் படித்தும் இருக்கின்றோம். 2022 வரை அதில் அடங்கியிருந்த மதனப்பள்ளியில் நடந்த ஒரு மருத்துவ வரலாற்றைப் பற்றி நம்மிற் பலர் கேட்டதில்லை. நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளின் இடத் தோளில் பி.சி.ஜி. ஊசி போடுவதும், அது சிறு தழும்பாக நிலைப்பதும் யாவரும் அறிந்ததே. அவ்வூசி எந்த அளவுக்குக் காக்கும், எதனால் காக்கும், எதனால் காவாது போகும் என்னும் வினாக்களுக்கு விடை தேடியவர்கள் மதனப்பள்ளிச் சுற்றுப்புறக் கிராமங்களிலே நடந்தார்கள். அவ்விடையின் ஒரு பகுதி எண்களாக வந்தது. மற்றொரு பகுதி நெடுநாள் கழித்து, கிருமியின் மேனியில் ஒட்டியிருக்கும் ஒருவகைக் கொழுப்புப் புரதத்தின் வடிவில் வந்தது. அந்த இரண்டையும் ஒருங்கே காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காசம், க்ஷயம், எலும்புருக்கி என்று நம் முன்னோர் அஞ்சிய நோய் ஒரு கிருமியால் வருவது என்பதை ஜெர்மன் அறிஞர் ராபர்ட் கோக் 1882ஆம் ஆண்டில் மெய்ப்பித்தார். காரணம் தெரிந்துவிட்டது, மருந்து கிடைக்கவில்லை. ஆதலின் ஓய்வு, நல்லுணவு, தூய காற்று, வெயில் ஆகியவற்றையே மருந்தாகக் கொண்ட சானடோரியங்கள் ஐரோப்பாவில் எழுந்தன. அவ்வழக்கம் இந்தியாவுக்கும் வந்தது. தென்னிந்தியாவில் பணி செய்த கிறிஸ்தவத் திருச்சபைகள் பல ஒன்றுகூடி, கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில் வறண்ட காற்றையுடைய மதனப்பள்ளிக்கு அருகே ஒரு சானடோரியத்தை 1915இல் நிறுவின. அவ்விடத்திற்கு ஆரோக்கியவரம் எனப் பெயர் வழங்கலாயிற்று. டென்மார்க்கு நாட்டவரான டாக்டர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட் மோல்லர் அதன் முதல் மருத்துவத் தலைவராக இருந்தார். நாட்டுப் பண்ணைத் தாகூர் 1919இல் ஆங்கிலத்தில் பெயர்த்தது மதனப்பள்ளியிலே என்பது நேயர்கள் அறிந்திருக்கக்கூடிய செய்தி. அதே காலத்தில் அவ்வூரின் மற்றொரு புறத்தில் நோயாளிகள் திறந்த தாழ்வாரங்களில் படுத்து, மாதக்கணக்கில் வானத்தை நோக்கிக்கொண்டிருந்தார்கள்.

தமிழ்நாட்டிலும் இவ்வழி பின்பற்றப்பட்டது. டாக்டர் சவுரி முத்து 1928இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியம் தொடங்கினார். அங்குள்ள புகைவண்டி நிலையம் இன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. எனினும் இத்தகைய நிலையங்களில் இடம் பெற்றோர் மிகச் சிலர். இடமின்றி வீட்டிலேயே இருமி மாண்டவர்கள் பலர். நோய் வந்தபின் சிகிச்சை செய்வதைக் காட்டிலும் வருமுன் காப்பதே வழி என்று மருத்துவர்கள் எண்ணியதில் வியப்பில்லை.

வருமுன் காப்பதற்குரிய கருவியைப் பிரெஞ்சு அறிஞர் இருவர் ஆக்கித் தந்தார்கள். கால்மெட்டும் கெரேனும் மாடுகளுக்கு வரும் காசநோயின் கிருமியை 1908 முதல் பதின்மூன்று ஆண்டுகள், 230 முறை, மீண்டும் மீண்டும் புதிய உணவில் வளர்த்தார்கள். அதன் நஞ்சு தணிந்தது, உயிர் தணியவில்லை. 1921இல் அது முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. இவ்விருவர் பெயரையும் கிருமியின் பெயரையும் சேர்த்த முதலெழுத்துகளே பி.சி.ஜி. ஆனால் 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில், தணிந்த கிருமியோடு தணியாத கிருமி கலந்துவிட்ட மருந்தை உட்கொண்டு எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. குற்றம் பி.சி.ஜி.யுடையதன்று என்பது பின்னர் விளங்கிற்று. எனினும் அச்சம் எளிதில் அகலவில்லை.

இந்தியா விடுதலை பெற்ற மறு ஆண்டாகிய 1948இல் மத்திய அரசாங்கம் இவ்வூசியை நம் நாட்டில் புகுத்தத் துணிந்தது. சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் அதற்கு முன்னின்றார். சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையத்தில் மருந்து தயாரிக்கும் கூடம் அமைந்தது. ஊசி முதன்முதல் போடப்பட்ட இடங்களுள் மதனப்பள்ளி ஒன்று. அக்காலத்தில் ஆரோக்கியவரத்தில் பணி புரிந்தவர் முதல் தலைவரின் மகன் டாக்டர் யோஹன்னஸ் ஃப்ரிமோட் மோல்லர். சில ஆண்டுகளுக்குள் நாடெங்கும் கோடிக்கணக்கான சிறுவர்கள் சோதிக்கப்பட்டார்கள். இலட்சக்கணக்கானோர்க்கு ஊசி போடப்பட்டது.

அச்சோதனை எத்தகையது என்பதை இங்கே கூறுதல் வேண்டும். காசக் கிருமியிலிருந்து வடித்தெடுத்த டியூபர்குலின் என்னும் நீரை முன்கைத் தோலில் ஒரு துளி செலுத்துவார்கள். கோக் அதனை 1890இல் மருந்தென்று வெளியிட்டார். மருந்தாக அது பயன்படவில்லை. பின்னர் வந்தோர் அதனைச் சோதனைக்குரிய பொருளாக மாற்றினார்கள். கிருமியோடு முன்னமே பழகிய உடலாயின் இரண்டு மூன்று நாளில் அவ்விடம் சிவந்து தடிக்கும். பழகாத உடலாயின் வாளா இருக்கும். தடிக்காதவர்களுக்கே பி.சி.ஜி. ஊசி போட்டார்கள். ஊசிக்குப்பின் சோதித்தால் அவர்கள் கையும் தடித்தது. உடல் காவலுக்கு ஆயத்தமாகிவிட்டது என்பதற்கு அத்தடிப்பே சான்று என்று பலரும் நம்பினார்கள். தோல் எதனால் தடிக்கின்றது, தடித்த உடல் மெய்யாகவே காக்கப்படுகின்றதா என்பவை அன்று தெளிவாகத் தெரியாதவை.

இந்நிலையில் எதிர்க்குரல் ஒன்று சென்னையிலிருந்து எழுந்தது. குரல் கொடுத்தவர் இராஜாஜி. பி.சி.ஜி. இந்தியாவுக்கு வந்த 1948இல் கவர்னர் ஜெனரலாக விளங்கியவர் அவரே. 1954இல் சென்னை முதலமைச்சர் பதவியை விட்டு நீங்கியபின், 1955இல் பி.சி.ஜி.யைத் தாம் எதிர்ப்பது ஏன் என்று விளக்கிச் சிறு நூலொன்று வெளியிட்டார். உடல்நலமுள்ள குழந்தைகளின் உடம்பில் உயிருள்ள கிருமியைக் கூட்டங்கூட்டமாகச் செலுத்துவது தகுமா, அதன் பயன் ஐயமற நிறுவப்பட்டதா என்பன அவர் எழுப்பிய தடைகள். அவர் மருத்துவர் அல்லர். அவர் கூறிய அச்சங்கள் யாவும் உண்மையாகவுமில்லை. ஆயினும் பயன் நிறுவப்பட்டதா என்ற வினா நேர்மையான வினா. அதற்கு விடை சொற்போரால் வாராது, கணக்கெடுப்பால்தான் வரும்.

அக்கணக்கெடுப்பு மதனப்பள்ளியில் முன்னமே தொடங்கியிருந்தது. சுற்றுக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று மக்களின் பெயரைப் பதிந்து, முன்கையில் சோதித்து, எக்ஸ்ரே படம் எடுத்து, சளியைச் சோதித்து, ஆண்டுக்கணக்கில் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு சாராருக்கு ஊசி போட்டு, மறுசாராரை ஊசியின்றி விட்டார்கள். எளிய உழவர் குடும்பங்கள் தம் கையை நீட்டி ஒத்துழைத்தன. 1973இல் வெளியான அறிக்கையின்படி, ஊசி போடப்பட்ட 5,069 பேரில் 33 பேருக்கு நோய் கண்டது. போடப்படாத 5,808 பேரில் 47 பேருக்கு நோய் கண்டது. ஆயிரத்துக்கு இத்தனை என்று கணக்கிட்டால் ஊசியால் குறைந்த நோய் ஐந்தில் ஒரு பங்கே. எண்ணிக்கை சிறிதாகையால் அந்த ஐந்தில் ஒன்றையும் உறுதியென்று கொள்ள இயலாது. அதே ஊசி இங்கிலாந்தில் 1950 முதல் பள்ளி மாணவர்களிடையே சோதிக்கப்பட்டபோது நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் நோயைத் தடுத்தது. ஒரே மருந்து, இரு நாடுகளில் இரு வேறு விளைவு.

இவ்வேறுபாட்டைத் தீர்த்துவிட எண்ணி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் பெருஞ் சோதனையொன்றைத் தொடங்கியது. களம், சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் இருப்புப்பாதையில் நாம் கடந்து செல்லும் திருவள்ளூர்ப் பகுதியைச் சார்ந்தது. இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர்க்கு ஊசி போடப்பட்டது. அவர்களில் மூன்றில் ஒரு பகுதியினர் பெற்றது மருந்தற்ற வெறும் நீர். யார் எதைப் பெற்றார் என்பது பெற்றவருக்கும் தெரியாது, சோதித்தவருக்கும் தெரியாது. உலகில் பி.சி.ஜி.க்காக நடந்த சோதனைகளுள் இதனினும் பெரியது இல்லை. 1979இல் முதல் முடிவு வெளியாயிற்று. நுரையீரற் காசத்தை ஊசி தடுக்கவில்லை. போட்டவர்க்கும் போடாதவர்க்கும் நோய் ஏறக்குறைய ஒத்த அளவில் வந்தது. பதினைந்து ஆண்டுக் கணக்கு 1999இல் வெளிவந்தபோதும் முடிவு மாறவில்லை. வியப்பு என்னவெனில், ஊசி பெற்றவர்களின் முன்கை சோதனையில் நன்றாகவே தடித்தது. அணுக்கள் விழித்தன, ஆனால் காப்பு வரவில்லை.

அங்ஙனமாயின் அணுக்கள் விழிப்பது என்றால் என்ன? இவ்விடத்தில் நாம் கிராமத்தை விட்டு ஆராய்ச்சிக் கூடத்திற்குச் செல்ல வேண்டியிருக்கிறது.

புரதம் ஒன்றை மட்டும் தனியே பிரித்து உடலில் செலுத்தினால், உடல் பெரும்பாலும் அதனைப் பொருட்படுத்துவதில்லை என்பது பழைய அனுபவம். இறந்த காசக் கிருமிகளை எண்ணெயில் குழைத்து அப்புரதத்தோடு சேர்த்துச் செலுத்தினால் உடல் வெகுண்டு எழும். கிருமியில் உள்ள எந்தப் பொருள் இவ்வாறு எழுப்புகின்றது? அமெரிக்க அறிஞர் சார்லஸ் ஜேன்வே 1989இல் ஒரு கருத்தை முன்வைத்தார். உடலின் காவல் அணுக்கள் ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியே கற்றுத்தான் அறிகின்றன என்பதில்லை. கிருமிகளுக்கே உரியனவும் நம் உடலில் இல்லாதனவுமான சில பொது அடையாளங்களைப் பிறவியிலேயே அறியும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு என்பது அக்கருத்து.

அவ்வடையாளங்களுள் ஒன்றுதான் பாக்டீரியாவின் லிப்போபுரோட்டீன், அதாவது கொழுப்பு ஏற்றிய புரதம். இரத்தச் சோதனைத் தாளில் கொலஸ்டிராலுக்கு அருகே இதே சொல்லை நேயர்கள் கண்டிருக்கலாம். அது நம் இரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் பொருள், இது வேறு. பாக்டீரியா தன் மேனியில் சில புரதங்களை நிறுத்தி வைக்க விரும்புகிறது. புரதம் நீரில் மிதப்பது, மேனியோ கொழுப்பாலாகியது. ஆதலின் புரதத்தின் தலைப்பில் உள்ள சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தில் இரண்டு அல்லது மூன்று கொழுப்பு இழைகளை அது கட்டி விடுகிறது. கொழுப்பு இழைகள் மேனியில் பதிந்து நங்கூரமாகின்றன. புரதம் அதனைப் பற்றி நிற்கின்றது. 1969இல் ஜெர்மானியர் வோல்க்மார் பிரவுன் குடற்கிருமி ஒன்றில் இத்தகைய புரதத்தை முதன்முதல் விளக்கினார். அது இரத்தத்தின் வெள்ளையணுக்களில் ஒரு வகையைத் தூண்டிப் பெருகச் செய்யும் என்பதும் 1975இல் தெரிந்தது. காசக் கிருமியின் மரபுத் தொடர் முழுவதும் 1998இல் படிக்கப்பட்டபின், இத்தகைய கொழுப்புப் புரதங்கள் அதில் ஏறக்குறைய நூறு இருக்கலாம் எனக் கணிக்கப்பட்டது.

இவ்வடையாளத்தைப் படிக்கும் கண் எது என்பதை ஒரு சிற்றுயிர் காட்டிக் கொடுத்தது. பழ ஈயின் முட்டை வளர்ச்சியை ஆராய்ந்த ஜெர்மானியர்கள் ஒரு மரபணுவுக்கு ‘டோல்’ என்று பெயரிட்டிருந்தார்கள். ஜெர்மன் மொழியில் அது வியப்பைக் குறிக்கும் சொல். தமிழில் ‘அடடா’ எனலாம். 1996இல் பிரான்சில் ஜூல் ஹாஃப்மன் குழுவினர், அந்த டோல் இல்லாத ஈ பூஞ்சைக்கு இரையாகி மடிவதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டில் ஜேன்வேயும் மெட்ஜிதோவும் மனிதனிடத்தும் டோல் போன்ற ஒன்று இருப்பதைக் கண்டார்கள். 1998இல் புரூஸ் பாய்ட்லர் எலியில் அதன் வேலையைக் காட்டினார். ஹாஃப்மனும் பாய்ட்லரும் 2011இல் நோபெல் பரிசு பெற்றனர். 1999இல் கலிபோர்னியாவில் ராபர்ட் மோட்லின் குழுவினர் காசக் கிருமியின் கொழுப்புப் புரதத்தையே எடுத்துச் சோதித்து, அதனை அறியும் கண் ‘டோல் போன்ற ஏற்பி இரண்டு’ என்று நிறுவினார்கள்.

வேலை நடக்கும் முறை இது. நுரையீரலில் கிருமி நுழைந்தால் அதனை முதலில் எதிர்கொள்வன பெருவிழுங்கிகள் என்னும் அணுக்கள். அவற்றின் மேற்பரப்பில் அவ்வேற்பி குதிரை லாடம்போல் வளைந்து நிற்கின்றது. கொழுப்புப் புரதத்தின் இழைகளில் இரண்டு அதன் பள்ளத்தில் புகுகின்றன. மூன்றாவது இழை இருந்தால் அது அண்டையிலுள்ள மற்றோர் ஏற்பியின் துளையில் புகுகின்றது. இவ்வாறு ஒரே கிருமிப் பொருள் இரு ஏற்பிகளையும் அருகருகே இழுத்துப் பிணைப்பது 2007இல் எடுத்த எக்ஸ்கதிர்ப் படத்தில் தெளிவாயிற்று. வெளியே பிணைந்தவுடன் உள்ளே அவற்றின் வால்களும் நெருங்குகின்றன. நெருங்கிய வால்களில் வேறு புரதங்கள் வந்து ஒட்டி, செய்தியை அணுவின் கருவுக்குக் கொண்டு செல்கின்றன. உறங்கிக் கிடந்த மரபணுக்கள் அங்கே எழுகின்றன. பெருவிழுங்கி அழற்சிப் பொருள்களைக் கக்கித் துணையணுக்களை அழைக்கின்றது. கிளை கிளையாக நீண்ட மற்றொரு வகை அணு கிருமியின் துண்டத்தை ஏந்திக்கொண்டு நிணநீர் முடிச்சுக்குப் பயணமாகி, அங்குள்ள டி அணுக்களுக்கு அதனைக் காட்டுகின்றது. பகைவனைக் கண்டு நினைவில் வைத்துக்கொண்ட இந்த டி அணுக்களே பின்னாளில் டியூபர்குலின் துளியைக் கண்டதும் திரண்டு வந்து முன்கையைத் தடிக்கச் செய்வன.

அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு சொல் தடை செய்கின்றது. இந்நிகழ்ச்சிக்குச் ‘செயலூக்கம்’ என்று எழுதுவோர் உளர். ‘தூண்டல்’ என்று எழுதுவோரும் உளர். நாம் ‘விழிப்பு’ என்றே எழுதினோம். விழித்தவன் எழுந்து போரிடலாம். விழித்தும் வழி தவறலாம். நெடுநேரம் விழித்துக் களைத்தும் போகலாம். இம்மூன்றும் காசநோயில் உண்டு. அணு விழித்தவுடன் வெற்றி உறுதி என்று நினைப்பது தவறு என்பதை அச்சொல் நினைவூட்டுகின்றது.

காசக் கிருமியின் சூழ்ச்சியைப் பாருங்கள். தன்னை விழுங்கிய பெருவிழுங்கியின் வயிற்றிலேயே அது குடியிருக்கும். முதலில் அணுவை எழுப்பிய அதே கொழுப்புப் புரதம், நாட்கணக்கில் ஏற்பியை விடாது தொட்டுக்கொண்டே இருந்தால், அணு கிருமித் துண்டத்தை டி அணுக்களுக்கு எடுத்துக் காட்டும் திறன் குன்றுகிறது என்று 2001இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் காட்டினர். ஓயாமல் மணியடித்தால் காவலன் அம்மணியைப் பொருட்படுத்தாமல் விடுவது போன்றது அது. இதனால் கிருமி பலருடைய உடலில் ஆண்டுக்கணக்கில் மறைந்து வாழ்கின்றது.

ஆரோக்கியவரத்தின் வெயிலையும் இங்கே நினைக்க வேண்டும். 2006இல் மோட்லின் குழுவினர் மற்றொன்றைக் கண்டார்கள். கொழுப்புப் புரதத்தால் விழித்த மனிதப் பெருவிழுங்கி, வைட்டமின் டி-யைப் பயன்படுத்திக் கிருமிகொல்லும் பொருளொன்றைத் தானே ஆக்கிக் கொள்கின்றது. வைட்டமின் டி நம் தோலில் வெயிலால் விளைவது. தாழ்வாரத்து வெயிலுக்குச் சிறிதேனும் பொருள் இருந்திருக்கலாம் என்று இதனால் தோன்றுகிறது. ஆனால் வைட்டமின் டி-யையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனைகள் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.

ஆரோக்கியவரத்தின் மற்றொரு பழைய அறிக்கைக்கும் இவ்வறிவு ஒளி தருகின்றது. எக்ஸ்ரே படத்தில் காசம்போல் தோன்றி, காசக் கிருமி காணப்படாத நோயாளிகளை மூத்த ஃப்ரிமோட் மோல்லர் 1940இல் விவரித்தார். அவர்கள் இரத்தத்தில் இயோசினோபில் என்னும் அணுக்கள் மிகுந்திருந்தன. அது யானைக்கால் புழுவோடு தொடர்புடைய நோய் என்பது பின்னர் தெரிந்தது. அப்புழுவின் உடலுக்குள் ஒரு பாக்டீரியா குடியிருக்கின்றது. அதன் கொழுப்புப் புரதமும் அதே ‘டோல் போன்ற ஏற்பி இரண்டின்’ வழியாகவே நம் அணுக்களை எழுப்புவதை 2009இல் கண்டறிந்து, யானைக்கால் நோயின் அழற்சிக்கு அதுவும் ஒரு காரணம் என்றனர். நோய்கள் வேறு, தட்டும் கதவு ஒன்று.

இனி, விட்ட இடத்திற்கு வருவோம். மதனப்பள்ளியிலும் செங்கற்பட்டிலும் ஊசி ஏன் தோற்றது? அறிஞர் பலர் கூறும் காரணம் நம் மண்ணைப் பற்றியது. காசக் கிருமிக்கு உறவான, பெரிதும் தீங்கு செய்யாத கிருமிகள் வெப்பநாடுகளின் மண்ணிலும் நீரிலும் மலிந்துள்ளன. தென்னிந்திய மக்களில் பெரும்பாலோரின் உடல் இளமையிலேயே அவற்றோடு பழகிவிடுகின்றது என்பதைச் செங்கற்பட்டில் செய்த தோற்சோதனைகளே காட்டின. அக்கிருமிகளும் கொழுப்புப் புரதம் உடையவை. அவையும் அணுக்களை எழுப்புவன. முன்னமே பாதி விழித்திருக்கும் உடலில் பி.சி.ஜி. சென்று புதிதாகச் சேர்ப்பது சிறிது. அன்றியும், முன்கை தடிப்பது அணுக்கள் பகையை நினைவில் வைத்துள்ளன என்பதற்குச் சான்றேயன்றி, பகையை வெல்லும் என்பதற்குச் சான்றன்று. இந்த வேற்றுமையை உலகுக்கு ஐயமற உணர்த்தியவை நம் பகுதியின் சோதனைகளே.

அங்ஙனமாயின் ஊசி வீணா? இல்லை. சிறு குழந்தைகளுக்கு வரும் மூளைக் காய்ச்சல் காசத்தையும், உடலெங்கும் பரவும் காசத்தையும் அது வெகுவாகத் தடுக்கின்றது. பிறந்தவுடன், மண்ணின் கிருமிகள் பழகுமுன் போடுவதால் அப்பயன் கிட்டுகிறது என்று கருதுவர். ஆதலின் நம் நாட்டில் அது இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடப்படுகின்றது, போட்டுக்கொள்ளவும் வேண்டும். அம்ரித் கௌர் அம்மையார் எண்ணிய அளவு பெரிய காப்பு அது அன்று. இராஜாஜி அஞ்சிய அளவு பெரிய தீங்கும் அன்று. இருவருக்கும் இடையே உண்மை நின்ற இடத்தைக் காட்டியவர்கள், பெயர் பொறிக்கப்படாத பல்லாயிரம் கிராமத்து மக்கள்.

பெரியவர்களைக் காப்பது மருந்தும் காலத்தே கண்டறிதலுமே. வீட்டில் இருந்தபடி மருந்து உண்பவர் சானடோரியத்தில் இருப்பவருக்கு ஒப்பாகவே குணமடைவர் என்பதைச் சென்னையில் 1956இல் அமைந்த காசநோய் ஆராய்ச்சி மையம் 1959இல் உலகுக்குக் காட்டிற்று. அன்றுமுதல் சானடோரியங்களின் காலம் முடியலாயிற்று. வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனிச் செய்தி உண்டு. நெருக்கமான அறைகளில் பலர் கூடி வாழ்தல், நேரம் தப்பிய உணவு, ஊருக்குத் தெரிந்தால் இழிவு என்னும் அச்சம் ஆகியவை இந்நோய்க்குத் துணை. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் அரசாங்க மருத்துவமனையில் சளியைச் சோதித்துக்கொள்வதில் இழிவு ஏதும் இல்லை. சோதனையும் மருந்தும் அங்கே இலவசம். சாதாரணக் காசத்திற்கு ஆறு மாத மருந்து போதும். இடையில் ஊர் மாற நேர்ந்தால் மருத்துவமனையில் முன்கூட்டிச் சொல்லிப் பதிவை மாற்றிக்கொண்டு மருந்தைத் தொடரலாம். விட்டுவிடுதல் மட்டும் கூடாது.

நம் அணுக்கள் கிருமியின் அடையாளத்தைக் கண்டு விழிக்கின்றன. விழித்தபின் வேண்டும் துணையை மருந்தும் உணவும் அளிக்கின்றன. அத்துணையை அணுக்கள் தாமே தேடிக்கொள்ள மாட்டா. தேடிக் கொடுப்பது நம் கடமை.